‘சேரிங்க’ என்றால் சரி இல்லை

இல்லை என்பதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல முடியும் என்பது எங்கள் லேப் அக்காவைப் பார்க்கும் வரை எனக்குத் தெரியாது. நான் சேலம் டவுனில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் அத்தா கடைவீதியில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அங்கே இல்லை என்றால் இல்லை, போ என்றால் போ. சண்டை போட்டால் தெருவுக்கே கேட்கும். மறுநாள் அதே ஆளோடு டீ குடிப்போம். அக்காவோ திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஏதோ கிராமம், கல்யாணமாகி நாமக்கல்லில் இருந்தார். ‘ங்க’ போடாமல் அவருக்கு வாக்கியம் முடியாது. லேப் வாசலில் படுத்துக் கிடக்கும் நாயைக்கூட “சித்த நகருங்க சாமி” என்றுதான் தாண்டுவார். அந்த ‘ங்க’வுக்குள் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது. எங்கள் துறைத் தலைவருக்குக் கடைசி நாள் வரை பிடிபடவில்லை.

கல்லூரி புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி இருந்தது. எங்கள் லேப் பின்கட்டில் ஒரு நீள அறை. ஆட்கள் இரண்டே பேர்: முனைவர் பட்டத்துக்காக ஐந்தாவது வருஷமாக உழைத்துக்கொண்டிருந்த அக்கா, ப்ராஜெக்டில் உதவியாளராகச் சேர்ந்த நான். அவர் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவருடைய வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மழைக்காலத்தில்தான் திரும்புவார். வீட்டில் மாமியாரும் மூன்றாவது படிக்கும் மகளும். அக்கா காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போவார். பட்டம் கையில் வந்தால்தான் நிரந்தர வேலை. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் அவர் செய்ததைக் கேட்டுவிட்டு, வசதியான வீட்டுப் பெண், துணிந்து ஆடியிருக்கிறாள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

நான் சேர்ந்த முதல் வாரமே லேசர் வந்து இறங்கியது. அகச்சிவப்பு லேசர், கண்ணுக்குத் தெரியாது. தெரியாது என்பதாலேயே கண்ணுக்கு ஆபத்து. கூடவே வந்த பாதுகாப்புக் கண்ணாடியை அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தார். பச்சை லேசருக்கான கண்ணாடியை மாற்றி அனுப்பிவிட்டார்கள். தலைவரிடம் போய்ச் சொன்னோம். அவர் சென்னையிலேயே படித்து வளர்ந்தவர், நல்ல மனிதர், ஆனால் எதற்கெடுத்தாலும் நேரமாகிறது என்று பதறுகிறவர். நேராகப் பார்க்காமல் வேலையை ஆரம்பியுங்கள், அடுத்த வாரம் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

“சேரிங்க சார்” என்றார் அக்கா.

தலைவர் நிம்மதியாகப் போய்விட்டார். அக்கா லேசரின் சாவியை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. சரி என்றுதானே சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“அவுரு சொன்னதைக் கேட்டுக்கிட்டேன் புள்ள. கண்ணு என்னுதாச்சே” என்றார்.

சரியான கண்ணாடி வந்து சேர இருபது நாள் ஆனது. அந்த இருபது நாளும் தலைவர் வாசலில் எட்டிப் பார்த்து ஆரம்பித்தாயிற்றா என்பார். அக்கா எழுந்து நின்று, கண்ணாடி வந்துருச்சுங்களா சார் என்பார். அவ்வளவுதான். குரல் உயராது, முகம் மாறாது. எங்கள் வீட்டுப் பெண்கள் என்றால் இந்த இருபது நாளில் மூன்று முறை அழுது, நான்கு முறை கத்தி, ஐந்தாவது முறை லேசரைப் போட்டிருப்பார்கள். நானும் போட்டிருப்பேன்.

அவருக்கு ஒரு கேள்வி உண்டு. “பாத்தயா, நெனச்சயா?” எதைச் சொன்னாலும் இதுதான். இன்றைக்குச் சோதனை எண்ணெய் கொஞ்சம் கெட்டியாக இருக்கிறது அக்கா என்பேன். பாத்தயா, நெனச்சயா? கேன்டீன்காரர் பால் இப்போதுதான் கறந்து வந்தது என்பார். பாத்தீங்களா, நெனச்சீங்களா? ஒரு நாள் விடுமுறையில் மகளை லேப்புக்குக் கூட்டி வந்திருந்தார். பக்கத்து பெஞ்சுப் பிள்ளை என் பென்சிலைத் திருடிவிட்டாள் என்று அந்தக் குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னது. அம்மா அதே கேள்வியைக் கேட்டார். குழந்தை ரொம்ப நேரம் யோசித்து, “நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தது. எனக்கு ஆத்திரமாக வந்தது. சின்னப் பிள்ளையிடம் என்ன வக்கீல் வேலை என்று கேட்டேவிட்டேன். அக்கா குழந்தையின் முகத்தைத் துடைத்துவிட்டாரே தவிர, சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தப் பிடிவாதத்தை என்னால் அன்றைக்கு ரசிக்க முடியவில்லை.

ஆனால் அதே கேள்விதான் என்னையும் ஒரு நாள் காப்பாற்றியது. எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த சமயம். என்னை ஏற்காட்டில் எவனோடோ பார்த்ததாக ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. நான் கழிவறையில் போய் அழுதுவிட்டு வந்தேன். அக்கா கையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஆசிரியர் அறைக்குள் போனார். அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, நீங்க பாத்தீங்களாங்க, நீங்க பாத்தீங்களாங்க என்று ஆறு பேரையும் கேட்டார். ஆறு பேரும் இல்லை என்றார்கள். “அப்ப ஆரும் பாக்கலீங்க” என்று சொல்லிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து கொள்ளுக் கடைசல் பிசைந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை. இந்த நன்றியை நான் எப்படித் திருப்பிச் செலுத்தினேன் என்பதுதான் இனி வருவது.

என்ன வேலை செய்தோம் என்று சொல்கிறேன், பயப்பட வேண்டாம். கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய விரல் நீளச் சிலிக்கோன் துண்டு. அதற்குள் தலைமுடி அகலத்துக்கு வாய்க்கால்கள். வாய்க்காலில் எண்ணெய் ஓடும், எண்ணெய்க்குள் தண்ணீர்ச் சொட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வரும். பின்னாலிருந்து ஒரு சின்ன பம்ப் தள்ளிக்கொண்டே இருக்கும். இதற்குச் சிப் என்று பெயர். கோழிப் பண்ணைக்காரர் கோழியின் ரத்தத்தில் ஒரு துளியை விட்டால், நோய் இருக்கிறதா என்று அங்கேயே தெரிய வேண்டும். அதற்கு ரத்தச் சொட்டு மருந்தோடு கலந்து, கொஞ்ச நேரம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். ஓடுகிற சொட்டை நிறுத்த அவ்வளவு சின்ன வாய்க்காலில் என்ன கதவு வைப்பது? வைத்தால் அடைத்துக்கொள்ளும். கதவே வேண்டாம், லேசரால் ஒரு புள்ளியைச் சூடாக்கினால் போதும், அந்தச் சூடே சொட்டை நடத்தும் என்பதுதான் எங்கள் ப்ராஜெக்ட்.

நடத்தும், சரி. எந்தப் பக்கம் நடத்தும்? தலைவர் விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தார்: சொட்டு சூடான பக்கம் இழுக்கப்படும். பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. சூடு பட்டால் பரப்பு இழுவிசை குறையும், சொட்டு அந்தப் பக்கம் போகும். லேசர் புள்ளியைக் கண்டதும் சொட்டு அதை நோக்கி ஓட வேண்டும், நாங்கள் அதை வேண்டிய கிளை வாய்க்காலுக்கு இழுத்துப் போக வேண்டும். இதுதான் திட்டம்.

லேசரைப் போடுவதற்கு முன்னால் மேஜையைச் சரி செய்ய வேண்டியிருந்தது. நெடுஞ்சாலையில் பாரம் ஏற்றிய லாரி போனால் எங்கள் மைக்ரோஸ்கோப்புக்கு அது பூகம்பம். அதிர்வு தாங்கும் மேஜை கேட்டால் தலைவர் மின்விசிறியைப் பார்ப்பார். அக்கா நாமக்கல் டயர் ரீட்ரெடிங் கடையிலிருந்து நான்கு பழைய ட்யூப் கொண்டு வந்தார். அரைக் காற்று அடித்து, மேலே கடப்பாக் கல்லைப் போட்டு, அதன் மேல் மைக்ரோஸ்கோப்பை வைத்தார். திரையில் படம் அசையாமல் நின்றது. வேடிக்கை பார்க்க வந்த வேறு துறை ஆசிரியர் ஒருவர் இது என்ன பஞ்சர் கடையா என்று சிரித்தார். ஆமாங்க, உங்க வண்டியில காத்து இருக்குதான்னு ஒருக்காப் பாத்துட்டுப் போங்க என்றார் அக்கா. சாயங்காலம் அவர் வண்டியில் நிஜமாகவே காற்று இல்லை. நாங்கள் ஒன்றும் செய்யவில்லை, சத்தியமாக.

முதல் சொட்டு வந்ததை மறக்க மாட்டேன். மத்தியானம், வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. லேசரைப் போட்டோம். சொட்டு வந்தது. சூடான புள்ளிக்கு அருகில் வந்ததும் ஓடவில்லை. நின்றது. பின்னாலிருந்து பம்ப் தள்ளுகிறது, எண்ணெய் சுற்றிக்கொண்டு போகிறது, சொட்டு மட்டும் அசையாமல் நிற்கிறது. கொஞ்சம் பின்வாங்கவும் செய்தது. அக்கா லேசரை அணைத்தார், சொட்டு போய்விட்டது. மறுபடி போட்டார், அடுத்த சொட்டு நின்றது.

“நின்னுக்கிச்சு புள்ள” என்றார் அக்கா. அப்புறம் திரையைத் தொட்டுக்கொண்டு, “நில்லுங்க சாமி, எதுக்குங்க போறீங்க” என்று அந்தச் சொட்டிடம் சொன்னார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

தலைவருக்கு இது பிடிக்கவில்லை. கேமரா படத்தைத் தலைகீழாகக் காட்டுகிறது, அதனால் முன்னே போவது பின்னே போவதாகத் தெரிகிறது என்றார். சேரிங்க என்றார் அக்கா. அன்றைக்கு வந்த பஸ் டிக்கெட்டைக் கிழித்து, அதிலிருந்த ஓர் எழுத்தை லென்ஸுக்கு அடியில் வைத்தார். திரையில் எழுத்து நேராகத்தான் தெரிந்தது. தலைவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் வேறொரு காரணம் சொன்னார், இவர் அதையும் சோதித்துக் காட்டினார். இப்படி இரண்டு மாதம். கடைசியில் விஷயம் சோப்பில் இருந்தது. சொட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க எண்ணெயில் சோப்பு மாதிரி ஒன்றைக் கலப்போம். அது கலந்திருந்தால் சூடு சொட்டைத் தள்ளியது. கலக்காவிட்டால் பாடப் புத்தகம் சொன்னபடி இழுத்தது. ஆனால் கலக்காவிட்டால் சொட்டெல்லாம் ஒட்டி ஒரே குழம்பாகிவிடும், சிப்பே உதவாது. ஆக, புத்தகமும் பொய் இல்லை, அக்கா பார்த்ததும் பொய் இல்லை. சொட்டை இழுத்துப் போக முடியாது, நிறுத்தி வைக்கலாம். நமக்கு வேண்டியதே நிறுத்துவதுதானே என்று எனக்கே தோன்றியது. தலைவருக்குத் தோன்றவில்லை. விண்ணப்பத்தில் இழுக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தவர் அவர்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா தன் நாத்தனார் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார். பந்தியில் எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் ரிக் வண்டிக்காரர்கள். அவர்களில் பெரியவர் ஒருவர், ஏம்மா ஏழு வருசமா என்னதான் படிக்கிற என்று கேட்டார். ஒரு சொட்டுத் தண்ணியை நிறுத்தி வெக்கிறனுங்க என்றார் அக்கா. பந்தி முழுக்கச் சிரிப்பு. நாங்க ஆயிரம் அடி ஓட்டை போட்டு, வராத தண்ணியை வரவைக்கிறோம், நீ ஒரு சொட்டை நிறுத்தறதுக்குப் படிக்கிறயா என்றார் பெரியவர். ஆமாங்க, வரவைக்கத்தான் ஊரெல்லாம் ஆளு இருக்குதுங்களே, நிறுத்தத்தான் ஆளக் காணமுங்க என்றார் அக்கா. பெரியவர் சிரித்துக்கொண்டே தன் இலையிலிருந்த லட்டை எடுத்து அவர் இலையில் வைத்தார்.

ப்ராஜெக்டின் கடைசி அறிக்கை போக வேண்டிய நேரம் வந்தது. மூன்று பேர் குழு நேரில் வந்து பார்த்து, இரண்டாம் கட்டம் உண்டா இல்லையா என்று முடிவு செய்யும். தலைவர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். அறிக்கையில் ஒரு முக்கியமான படம் இருந்தது. வாய்க்கால், சொட்டு, லேசர் புள்ளி, சொட்டின் மேல் விசை எந்தப் பக்கம் என்று காட்ட ஓர் அம்பு. அக்கா வரைந்த அம்பு லேசரை விட்டு விலகிப் பின்னால் காட்டியது. அதைத் திருப்பிப் போடுங்கள் என்றார் தலைவர். இழுக்கும் என்று சொல்லி வாங்கிய ப்ராஜெக்ட், தள்ளுகிறது என்று போனால் தோற்றுவிட்டோம் என்பார்கள், இரண்டாம் கட்டம் வரட்டும், அப்புறம் நீ பார்த்ததை நீயே எழுது, இப்போதைக்கு அம்பு மட்டும். ஒரே ஓர் அம்பு. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். என்னம்மா, சரிதானே?

“சேரிங்க சார்” என்றார் அக்கா.

அவர் வெளியே போனதும் தலைவர் என் பக்கம் திரும்பினார். அவங்களே ஒத்துக்கிட்டாங்க, இன்றைக்கே மாற்றி பிரிண்ட் போட்டுவிடு என்றார்.

இங்கேதான் நான் நிற்க வேண்டியிருக்கிறது. அவருக்குத் தெரியாது. சென்னைக்காரர், ‘சேரிங்க’ என்றால் சரி என்று நினைத்துக்கொண்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் அந்தப் பெண்ணோடு ஒரே தூக்கில் சாப்பிட்டிருக்கிறேன். அந்தச் சேரிங்கவில் சம்மதம் ஒரு குன்றிமணி அளவுகூட இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். சார், அவங்க ஒத்துக்கலை என்று சொல்ல ஐந்து நொடி போதும். சொல்லவில்லை. என் வேலையும் அந்த இரண்டாம் கட்டத்தில்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அம்பைத் திருப்பினேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

குழு வந்த அன்று காலையில்தான் அக்கா அச்சடித்த அறிக்கையைப் பார்த்தார். தலைவர் முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருந்தார். திரையில் அந்தப் படம் வந்தது. அக்கா எழுந்து நின்றார்.

“இந்த அம்பு தப்புங்க” என்றார். “சொட்டு இந்தப் பக்கம் போறதில்லீங்க. நின்னுக்குதுங்க. வாங்க, பாக்கலாம்.”

தலைவர் குரலை அடக்கிக்கொண்டு, நீதானேம்மா அன்றைக்குச் சரி என்று சொன்னாய் என்றார்.

“சேரிங்கன்னனுங்க. நீங்க சொன்னது காதுல உழுந்துச்சுன்னு அர்த்தமுங்க சார். ஒத்துக்கிட்டேன்னு இல்லீங்க.”

குழுவில் இருந்த ஒருவர் கோபிச்செட்டிபாளையம் பக்கத்துக்காரர் போலிருக்கிறது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டார். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. லேப்புக்கு வந்தார்கள். ட்யூப் மேல் கிடந்த கல்லையும் மைக்ரோஸ்கோப்பையும் பார்த்தார்கள். சொட்டு வந்தது, நின்றது. ஏழு தடவை பார்த்தார்கள், ஏழு தடவையும் நின்றது. மூவரில் வயதான அம்மா ஒருவர், நீங்கள் கண்டுபிடித்திருப்பது நன்றாகத்தான் இருக்கிறது, அறிக்கையில் ஏன் மாற்றிப் போட்டீர்கள், யார் போட்டது என்று கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எழுத்தில் விளக்கம் வர வேண்டும், வராவிட்டால் பல்கலைக்கழகத்துக்கு எழுதுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தலைவர் விளக்கத்தை எழுதி வைத்திருந்தார். படத்தில் நேர்ந்த பிழை ஆராய்ச்சி மாணவியின் கவனக்குறைவு, இனி இவ்வாறு நேராது. கீழே அக்கா கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அடுத்த மாதமே ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். போடாவிட்டால் அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டியாகத் தான் தொடர முடியாது என்றார். ஏழு வருஷம் அந்தத் தாளில் கிடந்தது. வடக்கே இருந்த வீட்டுக்காரர் போனில், போட்டுட்டுப் போவியா, ஒரு கையெழுத்துத்தானே என்றாராம். அக்கா தாளை இரண்டு முறை படித்தார். நான் சேரிங்கவை எதிர்பார்த்தேன். தலைவரும் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“முடியாதுங்க சார்” என்றார்.

அவர் வாயில் அந்தச் சொல்லை அதற்கு முன்னால் நான் கேட்டதே இல்லை. தலைவரும் அன்றைக்கு முதல் முறையாக ஒரு ‘ங்க’வைச் சரியாகப் புரிந்துகொண்டார். வழிகாட்டிப் பொறுப்பிலிருந்து விலகுவதாக அன்றே எழுதிவிட்டார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வேறொரு கல்லூரிப் பேராசிரியர் அக்காவுக்கு வழிகாட்டியானார், ஒன்றரை வருஷம் தள்ளிப் பட்டம் வந்தது. சொட்டு நிற்பதைப் பற்றித்தான் ஆய்வேடு. எனக்கு அந்த வேலை போனது. இப்போது சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்துகிறேன், பரப்பு இழுவிசை உட்பட. நான் சொல்ல வந்தது முடிவை அல்ல, அதற்கு முந்தைய ஒரு மத்தியானத்தை.

அக்கா லேப்பில் தன் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ட்யூபில் காற்றை இறக்கிக்கொண்டிருந்தார், உஸ்ஸென்று சத்தம். எனக்குத் தாங்கவில்லை. அழுதுகொண்டே, அக்கா, அம்பைத் திருப்பினது நான்தான் என்றேன்.

“தெரியும் புள்ள” என்றார், நிமிராமலே. “அம்புக்கு மண்டை பெருசா இருந்துச்சு. நீதான் அப்படிப் போடுவ.”

அன்றைக்குக் குழு முன்னால் ஏன் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் உங்கள் மேல் எதுவும் வந்திருக்காதே என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். குற்றம் செய்தவளுக்குக் கோபம் சீக்கிரம் வரும்.

“நீ மாத்துனதை நான் பாக்கலையே. நெனச்சேன், அவ்வளவுதான். நெனச்சதை வெச்சு உன்ற பொழப்பை நான் எப்படிக் கெடுக்கறது?” என்றார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். “பாத்தவ நீ. நீதான் சொல்லோணும்.”

திட்டியிருக்கலாம். ஓர் அறை விட்டிருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். மன்னித்தேன் என்றுகூடச் சொல்லவில்லை. மேஜையில் உட்கார்ந்து குழுவுக்குக் கடிதம் எழுதினேன். மூன்றே வரிதான். அறிக்கையின் இந்தப் பக்கத்துப் படத்தில் அம்பின் திசையை நான் தவறுதலாக மாற்றிவிட்டேன், ஆராய்ச்சி மாணவிக்கு இதில் தொடர்பில்லை, இதற்கு நானே பொறுப்பு. எழுதி முடித்ததும் மனசு லேசானது. அக்காவிடம் நீட்டினேன். கட்டிப்பிடித்துக்கொள்வார் என்றுதான் எதிர்பார்த்தேன். பொய் சொல்லவில்லை.

அவர் நின்றபடியே படித்தார். ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

“தவறுதலாவா மாத்துன?”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் கைப்பையை மாட்டிக்கொண்டும் கிளம்பாமல் நின்றார். நான் பேனாவை எடுத்து அந்தச் சொல்லை அடித்தேன். அடித்த இடத்துக்கு மேலே ‘தெரிந்தே’ என்று எழுதி, பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டேன்.